ஆளில்லாத நிமிஷம்

என் கையில் ஸ்டாப் வாட்ச் இருக்கும்போது எதிரில் நிற்பது கலெக்டரே ஆனாலும் வாயைத் திறக்க விடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ராஜபாளையம் சைக்கிள் கிளப்புக்குப் பதினான்கு வருஷமாக நேரம் எடுத்துக் கொடுக்கிறவளும் நான்தான். பையன்கள் முதுகுக்குப் பின்னால் என்னை ‘விசில்’ என்பார்கள். ஆனந்தவல்லி என்ற பெயரைவிட அது பொருத்தம்தான் என்று நானும் கண்டுகொள்வதில்லை.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பந்தயக் காலம் தொடங்கும். கிருஷ்ணன்கோவிலில் கிளம்பி, சுந்தரபாண்டியம் பக்கம் போய்த் திரும்பி வந்தால் இருபது கிலோமீட்டர். கும்பலாக முட்டி மோதுகிற பந்தயம் இல்லை இது. நிமிஷத்துக்கு ஒருத்தர்தான் கிளம்ப வேண்டும். ஒன்றாம் நம்பர் ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு, எட்டாம் நம்பர் ஆறு மணி எட்டு நிமிஷத்துக்கு. வந்து சேர்ந்த நேரத்தில் கிளம்ப வேண்டிய நேரத்தைக் கழித்தால் ஓட்டிய நேரம் வந்துவிடும். கிளப் செயலாளர் இருளப்பசாமி முடிவுக் கோட்டில் நின்று அந்தக் கணக்கைப் பார்ப்பார். நான் ஆட்களை அனுப்பி வைப்பேன். ஒருத்தர் வராவிட்டால் அவருடைய நிமிஷம் சும்மா போகும். அடுத்தவர் அதில் கிளம்பக் கூடாது.

இந்த வருஷம் ஏழாம் நம்பர் வரவில்லை. எட்டாம் நம்பர் விஜயபாண்டி. மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்து நின்றான்.

“டீச்சர், ஏழுக்கு ஆளக் காணோம். நான் போகட்டுமா?”

“நில்லுலே. உன் நிமிஷம் வரட்டும்.”

“அன்னைக்கு சூர்யாவ மட்டும் ஆளில்லன்னதும் தொரத்தி விட்டிய. எனக்கு மட்டும் சட்டம் பேசுதிய” என்று சிரித்தான்.

நான் ஐந்து விரலைக் காட்டி எண்ண ஆரம்பித்தேன். விரல்கள் தன்பாட்டுக்கு மடங்கின. அவன் போய்விட்டான்.  அடுத்து நின்றவன் “டீச்சர், டீச்சர்” என்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எனக்குத் தன்நினைவு வந்தது.

சூர்யபிரகாஷ் சுந்தரபாண்டியத்துப் பையன். அவன் அப்பா சோலைச்சாமி பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த கண்டிப்பான மனிதர், இப்போது நெல்லும் தென்னையுமாக விவசாயம். மகன் போலீஸ் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ சைக்கிளைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கிடையாது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். இருபது கிலோமீட்டரை முப்பது நிமிஷத்துக்குள் முடித்தால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். முடியாவிட்டால் மறுநாளே சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுப் பரீட்சைக்கு உட்கார வேண்டும். கிளப்பில் எல்லோருக்கும் இது தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய தை மாதம் அது. இருபத்தொன்பது நிமிஷம் நாற்பத்திரண்டு விநாடி என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிளப்பில் அதுவரை யாரும் முப்பதுக்குள் வந்ததில்லை. அந்தச் சீட்டின் பலத்தில் அவன் தினமும் விடியற்காலையில் பழகப் போனான். அக்டோபரில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பின்னால் வந்த லாரி அடித்து, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. இருபத்திமூன்று வயது. போன வருஷம் பந்தயம் நடத்த எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

இந்த வருஷம் அவன் பெயரில் ஒரு கோப்பை வைத்தோம். அவன் நேரத்தை முந்துகிறவருக்கு அது. கொடுப்பதற்குச் சோலைச்சாமி அண்ணனையே வரச் சொல்லியிருந்தோம். வெள்ளைச் சட்டையில் வந்து ஒரு பக்கமாக நின்றிருந்தார். நேரக் கணக்கில் விஜயபாண்டிதான் முதலில் வந்தான், இருபத்தொன்பது ஐம்பத்தெட்டு. பதினாறு விநாடியில் தவறிவிட்டது.

“பதினாறு செகண்டுதான. பாவம், அவனுக்கே குடுத்துருங்க” என்றார் சோலைச்சாமி அண்ணன்.

“ரூலுன்னா ரூலுதாண்ணே” என்றார் இருளப்பசாமி. கோப்பை மறுபடியும் அட்டைப்பெட்டிக்குள் போயிற்று. விஜயபாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். ஊருக்கெல்லாம் விசில் ஊதுகிற நான் பேசாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய காகிதக் கட்டை அவிழ்த்தேன். ஏழு, வரவில்லை. எட்டு, சூர்யபிரகாஷ். என் கையெழுத்தேதான். அன்று பள்ளிக்கூடத்தில் குடியரசு தின ஒத்திகை. எனக்கு நேரமாகிக் கொண்டிருந்தது. “சும்மா எதுக்குலே நிக்க? போ” என்று ஏழின் நிமிஷத்தில் எட்டை அனுப்பினேன். அதைக் குறித்து வைக்கவில்லை. இருளப்பசாமி எட்டு நிமிஷத்தைக் கழித்துவிட்டார். ஆகவே அவன் ஓட்டிய நேரம் முப்பது நாற்பத்திரண்டு. அப்பாவோடு வைத்த பந்தயத்தில் அவன் தோற்றிருந்தான்.

அதைவிடக் கொடுமை ஒன்றும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரிசெல்லாம் கொடுத்து முடித்த பிறகு அவன் என்னிடம் வந்தான். “டீச்சர், என் சைக்கிள் மீட்டர்ல வேற டைம் காட்டுது” என்றான்.

“பன்னெண்டு வருஷமா டைம் எடுக்கேன். என் வாட்ச் பெருசா, உன் மீட்டர் பெருசாலே?”

“இல்ல டீச்சர், நான் கிளம்புனது...”

“கூடப் போட்டா சண்டைக்கு வாரிய. கொறச்சுப் போட்டாலும் சண்டையா? போலே, வெயில் ஏறுது.”

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அன்று நான் காது கொடுத்துக் கேட்டிருந்தால் மறுநாளில் இருந்து புத்தகமும் கையுமாக வீட்டில் உட்கார்ந்திருப்பான். அக்டோபர் மாதம் விடிகிற நேரத்தில் அந்த ரோட்டில் அவனுக்கு என்ன வேலை? இந்த ஒரு கேள்விதான் இரண்டு நாளாக என்னைப் போட்டு அரித்தது. சோறு இறங்கவில்லை. கிளாஸில் பிள்ளைகள் வரிசை கலைந்து நின்றார்கள், கத்தத் தோன்றவில்லை.

இருளப்பசாமிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர், “விட்ருங்க டீச்சர். செத்தவன் டைமத் திருத்தி என்ன ஆகப்போவுது? அந்த மனுசனுக்கு மிச்சம் இருக்கது அந்தச் சீட்டு ஒன்னுதான். அதையும் புடுங்கணுமா?” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் விஜயபாண்டி தொங்கிய முகத்தோடு போனதை நான் பார்த்தேன். அதை விடுங்கள், அது பெரிய காரணம் இல்லை. மகன் ஜெயித்துத்தான் அந்த வருஷத்தை வாங்கினான் என்று ஒரு தகப்பன் நம்பிக்கொண்டிருக்கிறார். அதைக் கொடுத்தது என் அவசரம். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறார். அந்தக் கும்பிடை என்னால் இனி வாங்கிக்கொள்ள முடியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியம் போனேன். சோலைச்சாமி அண்ணன் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“அண்ணே, ஒன்னு சொல்லணும். கேட்ட பொறவு நீங்க என்னை என்ன வேணாலும் பேசுங்க.”

“மொதல்ல உக்காருங்க டீச்சர்.”

“சூர்யா டைம் தப்புண்ணே. ஆளில்லாத நிமிஷத்துல நான்தான் அவன அனுப்பி வச்சேன். ஒரு நிமிஷம் கொறச்சு எழுதிட்டேன். அவன் வந்து சொன்னான், நான் கேக்கல. வெரட்டி விட்டுட்டேன்.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே காய்ந்திருந்த கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“முப்பது நாப்பத்திரண்டு” என்றார்.

நான் அவரிடம் அந்த எண்ணைச் சொல்லவே இல்லை.

“உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“அன்னைக்கே சொல்லிட்டான் டீச்சர். சீட்டை நீட்டுனான். ஜெயிச்சுட்டியேலேன்னு தோள்ல தட்டுனேன். ‘இல்லப்பா, ஒரு நிமிஷம் தப்பா இருக்கு. நான் தோத்துட்டேன். நாளையில இருந்து படிக்கேன்’ன்னான். சொல்லிட்டு சைக்கிளத் தொடச்சு, ஒரு பழைய சேலையப் போட்டு மூடுனான். அவன் மூஞ்சி... அத என்னால பாக்க முடியல.”

துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான்தான் போயி அந்தச் சேலைய உருவிப் போட்டேன். டீச்சர் எழுதுனது எழுதுனதுதாம்லே, ஒரு நிமிஷத்துல என்ன வந்துச்சு, இன்னும் ஒரு வருஷம் ஓட்டுன்னேன். ரொம்ப நேரம் மாட்டேன்னுட்டான். கட்டாயப்படுத்தி ஓட்டச் சொன்னது நான்தான்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் வீட்டு வாசலில் நின்று, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதேன். அவர் அழவில்லை. நாற்காலியை எனக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“பட்டாளத்துல பதினேழு வருஷம் இருந்தேன் டீச்சர். ஒருத்தனுக்கும் ஒரு நிமிஷம் விட்டுக் குடுத்ததில்ல. எம்பிள்ளைக்கு மட்டுந்தான் குடுத்தேன்” என்றார்.