முழங்கால் தண்ணி

லட்சுமிக்கு அந்த வீடியோவைக் காட்டினது அவள் மகள் அனிதாதான். மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "எம்மா, உன்ன மூணு லட்சம் பேரு பாத்துக்கீறாங்க, தெரியுமா?" என்று செல்போனை நீட்டினாள்.

திரையில் நிற்பது சாட்சாத் லட்சுமியேதான். இடுப்பு வரைக்கும் நனைந்த சேலை, கையில் இறால் போடும் பனையோலைப் பறி, வாயெல்லாம் பல். "நரித்திட்டுக்கா? படகு இன்னாத்துக்கு? நடந்தே போலாம். முழங்கால் தண்ணி. கொழந்தகூட நடந்துரும். பயமே இல்ல" என்கிறாள். சித்திரை மாசம் மெட்ராஸ்காரன் ஒருத்தன் கேமராவோடு வந்து கேட்டான். இவளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தாள்.

சொன்னது பொய்யும் இல்லை. இருபது வருஷமாக ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு கரையிலிருந்து ஏரி நடுவில் இருக்கிற நரித்திட்டு வரைக்கும் அவள் எத்தனை தடவை நடந்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. சித்திரையில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. ஏரி, தட்டில் ஊற்றின கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது. அன்றைக்கு முழங்கால் தண்ணிதான், சத்தியமாக.

இப்போது தை மாசம். ஐப்பசி மழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டு விட்டது. கடல் நாளைக்கு ரெண்டு தடவை ஏரிக்குள் வருகிறது, போகிறது. போகிறது சும்மாவா போகும்? கரைக்கும் திட்டுக்கும் நடுவில் அடிமணலை வாரி எடுத்துப் பெரிய பள்ளம் பறித்து வைத்திருக்கிறது. மேலே பார்த்தால் ஒரு மண்ணும் தெரியாது. அதே கலங்கல், அதே நிறம். படகுக்காரர்களுக்கு அந்தப் பள்ளம் தெரியும். நடக்கிறவர்களில் லட்சுமிக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் நடந்து போகும்போது, எடுத்து வைத்த காலுக்குக் கீழே தரை இல்லை. அவ்வளவுதான். ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு நீச்சல் தெரியாது. சிரிக்காதீர்கள், நடந்தே பிழைக்கிறவளுக்கு நீச்சல் எதற்கு? கோட்டைக்குப்பம் நாகப்பன் அந்தப் பக்கமாகப் படகில் வந்து கழியை நீட்டியிராவிட்டால் அன்றைக்கே பால் ஊற்றியிருப்பார்கள். "எங்கூட்ல சொல்லாதண்ணே" என்று அவனிடம் கெஞ்சினாள். சொன்னால் புருஷன் ராஜேந்திரன் அவளை ஏரிப் பக்கமே விடமாட்டான். அப்புறம் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

"கீழ இன்னாவோ எழுதிக்கீறாங்களே, அத்தப் படி" என்றாள்.

அனிதா படித்தாள். ராகுல் என்று ஒருத்தன் எழுதியிருந்தான். "சென்னைக்கு இவ்வளவு பக்கத்துல ஒரு தீவா! வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க பதினோரு பேர் போறோம். டென்ட் நாலு, அடுப்பு ஒண்ணு, வாண்டுங்க ரெண்டு. காலைல எட்டு மணிக்கு அம்மா காட்டின வழியிலேயே நடக்கிறோம். ஒரு ராத்திரி தங்கல்." அதற்குக் கீழே யாரோ, ஆழம் இருக்காதா என்று கேட்டிருந்தார்கள். "அம்மாவே சொல்றாங்களே, குழந்தைகூட நடக்கும்னு" என்று இவன் பதில் போட்டிருந்தான்.

லட்சுமி கையில் இருந்த சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். வாண்டுங்க ரெண்டு. அது மட்டும்தான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

"எழுதுடி. இப்பத் தண்ணி மாறிப்போச்சு, வராதீங்கன்னு எழுது."

அனிதா எழுதினாள். கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்து விழுந்தன. எவனோ, "படகுக்காரங்க வேலை இது, நடந்து போனா அவங்களுக்குச் சவாரி போயிடும்ல" என்றான். இன்னொருத்தன் பல்லை இளிக்கும் பொம்மை நாலு போட்டான். வீடியோ எடுத்தவனுக்குத் தனியாக எழுதினாள். அவன் எந்த மலையில் சுற்றிக்கொண்டிருந்தானோ, வாயைத் திறக்கவில்லை. போலீசில் சொல்லலாமா என்று அனிதா கேட்டாள். "ஐயோ வேணாண்டி, நடந்து போங்கன்னு சொன்னது யாருன்னு என்னியத்தான் மொதல்ல கேப்பாங்க" என்று லட்சுமி பயந்து அதையும் அடக்கிவிட்டாள். பயம் வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது.

வியாழக்கிழமை சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பிடித்த இறாலைத் தண்ணியிலேயே கொட்டிவிட்டு வந்தாள். கண்ணை மூடினால் ஒரு குழந்தையின் தொப்பி மட்டும் தண்ணியில் மிதந்தது. அது ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை அந்த ராகுலின் நம்பர் ஒருவழியாகக் கிடைத்தது. சாயங்காலம் அனிதா போட்டுக் கொடுத்தாள்.

"அம்மா! நீங்களேவா! எங்க வீட்ல எல்லாருக்கும் உங்களப் பிடிக்கும்மா" என்று துள்ளினான்.

"தம்பி, வராதீங்க. நடுவுல பள்ளம் கீது. ஆழம்."

"அப்படியா? ஆனா வீடியோல..."

"அது அப்போ. இப்ப வேற."

"யாராவது உங்கள அப்படிச் சொல்லச் சொன்னாங்களாம்மா? தைரியமா சொல்லுங்க" என்றான். குரலில் அவ்வளவு அன்பு.

நான் முழுகினேன் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எதிரே ராஜேந்திரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் கை தட்டில் நின்றுபோய், கண் இவள் மேல் இருந்தது.

"பாத்து வாங்க" என்றுதான் வாயில் வந்தது. பாவி.

"லீவெல்லாம் போட்டாச்சும்மா. சிக்கன்கூட மசாலா தடவி வெச்சுட்டோம். பயப்படாதீங்க, ஒரு கயிறு வாங்கிட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே லட்சுமி கரைக்குப் போய்விட்டாள். கார் பஞ்சராகட்டும், வழியில் எவனாவது மறிக்கட்டும், குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் வரட்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டினாள். எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரெண்டு கார் வந்து நின்றது. தண்ணி ஏறிக்கொண்டிருந்தது.

பதினோரு பேரும் அவளைப் பார்த்ததும் கூச்சல் போட்டுச் சுற்றிக்கொண்டார்கள். செல்ஃபி எடுத்தார்கள். ராகுலின் தோளில் ஐந்து வயசுப் பெண்குழந்தை ஒன்று மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. லட்சுமி அவன் வழியை மறித்து நின்றாள்.

"போவாதீங்க. உங்க கால்ல விழறேன்."

கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒருவன் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். "இது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப பொய் சொன்னீங்களா?"

"இல்ல சாமி. ரெண்டு வாரத்துக்கு முன்ன நானே முழுகிட்டேன். நாகப்பன் அண்ணன்தான் தூக்கினாரு."

ராகுல் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நேத்து போன்ல இதச் சொல்லவே இல்லையேம்மா."

ராகுலின் மனைவி சத்யா, "திரும்பிடலாமாங்க?" என்று மெல்லக் கேட்டாள். கண்ணாடிக்காரன் அதற்குள் தண்ணியில் இறங்கி இருபது அடி போய்விட்டான். "பாருங்க, முழங்கால்தான்!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். மூட்டையைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

"கயிறு வாங்கியாந்தியே, அத்தக் குடு" என்றாள் லட்சுமி.

நீல நைலான் கயிறு. ஒரு முனையை இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்தாள். மறு முனையை ராகுல் கையில் திணித்தாள். "கொழந்தய எறக்கி உங்கூட்டம்மா கிட்ட குடு. நீ எம்பின்னாடி வா. நில்லுன்னா நின்னுடு. என் தல தெரியலன்னா கயித்தப் புடிச்சி இஸ்துடு. நான் கத்துவேன்னு காத்துக்கினு இருக்காதே."

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பின்னாலேயே வந்தான், கண்ணாடிக்காரனும் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். நூறு தப்படி போனதும், "இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு லட்சுமி தனியாக நடந்தாள்.

முழங்கால். தொடை. மறுபடியும் முழங்கால். அவளுக்கு வந்த பயத்தை என்னவென்று சொல்ல? பள்ளம் தூர்ந்து போயிருக்குமோ என்று ஒரு பயம். தூர்ந்திருந்தால் அவள் பொய்க்காரி, அவர்கள் போவார்கள், அடுத்த பள்ளம் எங்கே இருக்கிறதோ. தூராமல் இருந்தால் அதற்கு ஒரு பயம். கட்டைவிரலால் தடவித் தடவி ஒவ்வொரு அடியாக வைத்தாள். திரும்பிப் போய்விடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. கரையில் மஞ்சள் தொப்பி தெரிந்தது. அடுத்த காலை எடுத்து வைத்தாள்.

தரை இல்லை.

காதுக்குள் தண்ணி இரைந்தது. வாயெல்லாம் உப்பு. நீரோட்டம் அவளைப் புரட்டி எங்கேயோ கொண்டுபோனது. கயிறு இழுபடவே இல்லை. இவனும் வேடிக்கை பார்க்கிறான், போச்சு, அனிதாவுக்குச் சோறு எடுத்து வைத்தோமா என்று நினைத்தாள். அப்புறம் இடுப்பு அறுந்துபோகிற மாதிரி ஒரு இழுப்பு வந்தது.

ரெண்டு பேரும் கரைக்கு இழுத்து வந்து போட்டதும் மணலில் கவிழ்ந்து கிடந்து வாந்தி எடுத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. ராகுலின் உள்ளங்கை ரெண்டும் கயிற்றில் உரிந்து ரத்தம் கசிந்தது. அதைப் பார்க்காமல் பெண்ணை வாங்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றான்.

"இப்ப எடு வீடியோ" என்றாள் லட்சுமி, இருமிக்கொண்டே.

ராகுல் எடுத்தான். அன்றைக்கே போட்டான். அழுதுகொண்டே போட்டிருப்பான் போலிருக்கிறது, எழுத்தெல்லாம் பிழை. விஷயம் ராஜேந்திரனுக்கும் போனது. கத்தவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக் கயிறு எங்க?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த புதன்கிழமை அனிதா போனைத் திறந்து பார்த்தாள். புது வீடியோவைப் பார்த்தவர்கள் நானூத்தி முப்பது பேர். பழசு மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதற்குக் கீழே புதிதாக ஒருத்தர் எழுதியிருந்தார். இந்தச் சனிக்கிழமை நாங்க வர்றோம், ஏழு பேர்.

சனிக்கிழமை விடிந்ததும் லட்சுமி கரையில் நின்றாள். இடுப்பில் நீலக் கயிறு. மறு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு ராஜேந்திரன் பக்கத்தில் நின்றான். ஏழே கால் இருக்கும். சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் கார் வந்து நின்றது, கதவு திறந்தது. ஆட்கள் வருவதற்கு முன்னால் போனின் சத்தம் வந்தது. அது லட்சுமியின் குரல்தான், சிரித்துக்கொண்டே கிட்டே வந்துகொண்டிருந்தது.

"முழங்கால் தண்ணி. கொழந்தகூட நடந்துரும். பயமே இல்ல."