மெஸ்கீட் மரத்தடியில் நட்ட முள்

சாலையோரச் சேஜ் புதருக்குள் குப்பை பொறுக்கக் கையை விட்ட ஒஃபேலியா, விரலில் பிசுபிசுத்தது என்னவென்று தெரிந்ததும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நடைபாதையிலேயே ஓங்கரித்தாள். மனித மலம்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். பாலைவன நகரமான டூசானில் அவள் குடியிருப்புக்காரர்கள் சிலர் சனிக்கிழமைதோறும் வெயில் ஏறுமுன் ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு வந்து, பெரிய சாலையோரச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, கிளை கழித்துச் சுத்தம் செய்வார்கள். அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

பக்கத்தில், கருவேலம் போன்ற மெஸ்கீட் மரத்தடியில் டெல் படுத்திருந்தான். வீடில்லாதவன்; அந்தத் தெருவில் அவனுக்கு இருந்த ஒரே நிழல் அது.

"ஏய், எந்திரி! உன் வேலைதானே இது? வாளி வாளியா தண்ணி ஊத்தி வளத்த செடிய்யா!"

"என் வேலைதாங்க," என்றான் டெல், தலையைக் குனிந்தபடி. "பெட்ரோல் பங்குல கக்கூஸ் சாவி கேட்டா, ஏதாச்சும் வாங்குனாத்தான் தருவேங்கறான். வேற எங்க போறது?"

மண்வெட்டியைக் கேட்டு வாங்கி அவனே அள்ளிப் புதைத்தான். திருப்பிக் கொடுத்தபோது அதன் பிடியைத் தொடவே அவளுக்கு உடம்பு கூசியது.

குழுத்தலைவி லோர்னாவிடம் சொன்னாள். "நாத்தம் தாங்கல. அந்த மூலையில ஒரு பிளாஸ்டிக் கக்கூஸ் வைக்கச் சொல்லி நகராட்சியக் கேப்போம்."

"நல்லவேளை சொன்ன. நான் பாத்துக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை லோர்னாவின் வண்டியில் வந்து இறங்கியவை 'சோயா' என்ற பாலைவன முட்கள்ளிகள். லேசாக உரசினால் போதும், துண்டாகப் பிய்ந்து சதையில் கொக்கி போட்டுக்கொள்ளும் சாதி. மெஸ்கீட் நிழலைச் சுற்றிலும் நெருக்கமாக நட்டார்கள்.

"இதுவும் நம்ம பாலைவனத்துச் செடிதான், தண்ணியே வேணாம்," என்றாள் லோர்னா. "குருவி கூடு கட்டும்."

"குருவி மட்டுந்தான் படுக்க முடியும்!" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மண்வெட்டிகளோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒஃபேலியா வரிசையில் நிற்கவில்லை. சிரித்த வாய்களைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நடுப்பகலில், போட்டிருந்த மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், மண்வெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். வெயிலில் தலைசுற்றி வந்த டெல் வழக்கமான இடத்தில் அப்படியே சரிந்திருந்தான். தொடையிலும் உள்ளங்கையிலும் கள்ளித் துண்டுகள் தொங்கின.

"அசையாதே. அசைஞ்சா இன்னும் ஏறும்."

கைப்பையிலிருந்த சீப்பைத் தோலுக்கும் துண்டுக்கும் நடுவே செருகி, ஒவ்வொன்றாகச் சுண்டி எடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். பழைய வியர்வையும் மூத்திரமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அவளுக்குக் குமட்டத்தான் செய்தது. ஆனாலும் கையை நிறுத்தவில்லை. தண்ணீர் கொடுத்து அவனைக் காரின் நிழலில் உட்கார வைத்தாள். பிறகு மண்வெட்டியால் கள்ளிகளைப் பெயர்த்து ஓரமாகத் தள்ள ஆரம்பித்தாள்.

யாரோ போன் செய்திருக்க வேண்டும். லோர்னா வந்து நின்றாள்.

"பைத்தியமா உனக்கு? நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டு வந்தது நீதானே?"

"நாத்தம்தான். அது கழுவினாப் போயிடும், லோர்னா. உங்க சிரிப்ப எதைப் போட்டுக் கழுவறது?"

"மேல்சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

ஒஃபேலியா அதைக் கழற்றிச் சுருட்டிக் கள்ளிக் குவியல் மேல் வீசினாள்.

டெல்லைத் தேவாலயத்து இலவச மருத்துவமனையில் விட்டாள். கட்டுப் போட்டுக்கொண்டு அன்று மாலையே கிளம்பிவிட்டான். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மறுவாரம் குழு மறுபடியும் கள்ளி நடவில்லை. மெஸ்கீட்டின் கிளைகளை உச்சிவரை கழித்து, கீழே நிழலே விழாதபடி செய்துவிட்டது. ஜூன் மாத வெயிலில் அந்த மரத்தின் கிளைகளை யாரும் இப்படிக் கழிக்கமாட்டார்கள்; மறைப்பில்லாமல் பட்டை வெந்து மரமே பட்டுப்போகும். அது லோர்னாவுக்கும் தெரியும்.

ஒஃபேலியா இப்போது சந்தைக்குச் சுற்றுவழியில் போகிறாள். பெரிய சாலையில் அந்த ஆரஞ்சு மேல்சட்டைகளைத் தூரத்தில் பார்த்தாலே அவளுக்கு வாய் கசந்து, துப்ப வேண்டும்போல் இருக்கிறது.