புள்ளி தேய்ந்த லேப்டாப்

என் வீட்டுக்காரர் ஜீவானந்தத்துக்கு எந்த மெஷினையும் கழற்றி மாட்டத் தெரியும், வாயை மட்டும் அடக்கத் தெரியாது. தாம்பரம் மேற்கில், ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் எங்கள் கடை. ஒரு பாதியில் அவர் லேப்டாப் ரிப்பேர் செய்கிறார். மறு பாதியில் நான் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் டைப் அடிக்கிறேன். இருபது வருஷமாக இதேதான்.

அன்று காலை சேலையூரிலிருந்து தோத்தாத்ரி சார் வந்தார். ரிடையராகிப் பல வருஷம் ஆனவர். துணிப்பையிலிருந்து ஒரு லேப்டாப்பை, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜைமேல் வைத்தார்.

"இன்னா சார், இத்த மியூசியத்துலதான் குடுக்கணும்," என்றார் ஜீவா.

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"இது என் ஆத்துக்காரியோடது," என்றார் சார். "ஞானாம்பாள். அவ போய் ரெண்டு வருஷமாறது. எங்க காலனி சங்கத்து நோட்டீசெல்லாம் இதுலதான் அடிப்பா. ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம், மத்தியானம் மத்தியானம் உக்காந்து சமையல் குறிப்பு எழுதினா. யாருக்குன்னு கேட்டேன். சமையல் தெரியாத ஒரு ஜீவனுக்குன்னா. எங்க பொண்ணு மிருதுளாவுக்குத்தான். பூனாவுல இருக்கா. அனுப்புப்பா, அனுப்புப்பான்னு கேட்டுண்டே இருந்தா. எனக்குத்தான் இதைத் தொறக்க தைரியம் வரல. நேத்திக்குத் தொறந்தேன். டக் டக்னு சத்தம் வர்றது, வேற ஒண்ணும் வரல."

ஜீவா காதை வைத்துக் கேட்டார். "ஹார்டு டிஸ்க் பூட்ச்சி சார். வேற மாத்தி ஓட்டிடலாம். ஆனா உள்ள கீறது வருமான்னு சொல்ல முடியாது."

"மெஷின் எப்படியானாலும் போகட்டும். அவ எழுதினது வேணும்."

அவர்கள் பேசும்போது நான் கீபோர்டைப் பார்த்தேன். எங்களிடம் வரும் லேப்டாப்பிலெல்லாம் ஏ, ஈ என்கிற இங்கிலீஷ் எழுத்துகள் தேய்ந்திருக்கும். இதில் எல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற செமிகோலன் அழிந்து வழவழவென்று இருந்தது. மனதில் என்னமோ பொறி தட்டியது. அதற்குள் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகைக்கு ஆள் வந்து நிற்க, மறந்துவிட்டேன்.

ஊசி ஊசியாய்ப் பின் வைத்த அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. ஜீவா இரண்டு தடவை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ரயிலேறிப் போய், செத்துப்போன இன்னொரு லேப்டாப்பிலிருந்து ஒன்றை வாங்கி வந்தார். பழைய டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அதிலிருந்து வந்தவரைக்கும் ஃபைல்களை எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அந்த டக் டக் சத்தமும் அடங்கி, டிஸ்க் ஒரேயடியாகச் செத்துவிட்டது.

சனிக்கிழமை சார் வந்தார். பழைய லேப்டாப் மாற்று டிஸ்க்கில் ஜோராக ஓடியது. ஜீவாவின் முகம்தான் சரியில்லை.

"சாரி சார். ஒரே ஒரு ஃபைல்தான் முழுசா வந்துச்சு. அதுவும் கரப்ட் ஆயி குப்பையா கீது. பார்க்கிறீங்களா? இல்லேன்னா அழிச்சிடறேன்."

சார் திரையைப் பார்த்தார். தலையும் வாலும் இல்லாத இங்கிலீஷ் எழுத்துகள். "குழந்தை மிருதுளாவுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றார். "முன்னாடியே தொறந்திருந்தா இருந்திருக்கும். என்னாலதான் போச்சு." எழுந்து போய் நானும் எட்டிப் பார்த்தேன்.

முதல் வரியில் நாலே எழுத்து. யு, ஆர், கே, செமிகோலன். என் விரல்கள் தாமாகவே மேஜைமேல் அடித்தன. யு அடித்தால் ர. ஆர் அடித்தால் ச. கே அடித்தால் ம, செமிகோலன் அடித்தால் அதன் தலையில் புள்ளி.

"ரசம்!" என்று கத்தினேன். "யோவ், மௌஸ்லேருந்து கைய எடுய்யா! குப்பையாம் குப்பை. தமிழ்யா இது! பாமினி ஃபாண்ட்ல அடிச்சிருக்காங்க. உன் கம்ப்யூட்டர்ல அது இல்ல, அதான் வெறும் இங்கிலீஷா தெரியுது. அந்தப் புள்ளி கீ தேஞ்சிருக்கிறப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

ஃபைலை என் கம்ப்யூட்டரில் போட்டு எழுத்தை மாற்றினேன். திரை முழுக்கத் தமிழ் வந்தது. சார் சட்டைப்பையைத் தடவினார். "கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன். நீங்களே படிங்கோம்மா."

படித்தேன். "ரசம். முதல்ல கண்ணாடியைப் போட்டுக்கோங்கோ, நெத்தியிலதான் இருக்கும்."

நானும் ஜீவாவும் நிமிர்ந்து பார்த்தோம். நெற்றியில்தான் இருந்தது.

"புளி, நெல்லிக்காய் அளவு. தக்காளி ஒண்ணு. உப்பைக் கண்ணளவாப் போடாதீங்கோ, உங்க கை தாராளம். நுரைச்சு வரச்சே அணைச்சுடணும். அதுக்குள்ள பேப்பர் படிக்கப் போயிடாதீங்கோ."

படிப்பதை நிறுத்தினேன். "சார், உங்க பொண்ணை அம்மா எப்படிக் கூப்பிடுவாங்க?"

"வாடி, போடிதான்," என்றவர் அப்படியே நின்றார்.

கடைசி வரியையும் படித்தேன். "இது ஒருத்தருக்கான அளவு. பழக்க தோஷத்துல ரெண்டு பேருக்குன்னு எழுதிட்டேன். அப்புறம் திருத்தினேன்."

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கா எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். ஜீவா ஏற்கெனவே இறுகியிருந்த ஸ்க்ரூவை மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை சார் கையில் ஒரு தூக்கு இருந்தது.

"மிருதுளாகிட்ட சொன்னேன். நீயே எனக்குச் சொல்லிக் குடு, அப்பான்னா. போன்ல சொல்லச் சொல்ல அவளும் அங்கே வெச்சா," என்றார். மூடியில் ரசத்தை ஊற்றி எங்களிடம் நீட்டினார். "ஒருத்தருக்கு வெக்க மனசு வரல. மூணு பேருக்கா வெச்சுட்டேன். எப்படி இருக்கு?"

உப்பு கரித்தது. ஜீவா வாயைத் திறந்தார். நான் அவர் காலை அழுத்தி மிதித்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சார்," என்றேன்.