வள்ளியம்மாளின் நாக்கு

திடீரென்று சங்கு அலறியது. சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் எல்லாம் நின்றன. சரியாகப் பழுக்காத காய்வெட்டுப் பழம் கலந்து ஒரு தொட்டிக் கூழ் முழுவதும் வாயில் வைக்க முடியாத புளிப்பு. ஆய்வுக்கூடத்துப் பெண்தான் கண்டுபிடித்தாள். அதற்குச் சற்றுமுன் ஒரு கரண்டி நாக்கில் விட்டுப் பார்த்து, நல்ல தித்திப்பு என்று தலையாட்டியவள் வள்ளியம்மாள். பதினெட்டு வருடமாக அந்த ஆலையில் ருசி பார்ப்பவள்.

சூப்பர்வைசர் தணிகைவேல் எல்லோர் முன்னாலும் கத்தித் தீர்த்தார். டாக்டர் சீட்டு கொண்டுவரட்டும், இல்லையென்றால் ருசி மேசையை விட்டுவிட்டுக் கொட்டை அள்ளப் போகட்டும் என்றார்.

பழம் நறுக்கும் செங்கம்மா, வெற்றிலைச் சுண்ணாம்பு நாக்கைச் சுட்டிருக்கும் என்றாள். வீட்டுக்குப் போய் வள்ளியம்மாள் ஒரு சுளை புளியை வாயில் போட்டாள். காகிதம் மென்றதுபோல் இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்குக் கிளம்பிவிட்டாள்.

டாக்டர் கிரண்குமார் நாக்கை நீட்டச் சொன்னார். அது மழமழவென்று செக்கச்செவேலென்று இருந்தது. கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்ததை அவள் சொன்னாள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சுகர் கட்டுக்குள் இருந்தது. பி12 வைட்டமின்தான் அடிமட்டத்தில் கிடந்தது.

சுகருக்காகப் பத்து வருடமாக விழுங்கும் மாத்திரை, சாப்பாட்டில் இருக்கும் பி12-ஐக் குடல் உறிஞ்சவிடாமல் செய்கிறது, சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர்.

"நான் தெனம் ஒரு முட்டை துன்னுகினுதான கீறேன் சார்?"

"துன்றது வேறம்மா, ஒடம்புல சேர்றது வேற."

சுகர் மாத்திரையை நிறுத்தக் கூடாது, கூடவே ஊசி போட்டுக்கொண்டால் சில வாரத்தில் நாக்கு தேறிவிடும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சில வாரம். அதற்குள் மாம்பழ சீசனே முடிந்துவிடும். மேசையில் வேறு ஆளை உட்கார வைத்திருப்பார்கள் என்ற நினைப்போடுதான் அவள் தணிகைவேலின் அறைக்குள் நுழைந்தாள்.

அவர் சீட்டை இரண்டு தடவை படித்தார். என்ன மாத்திரை, எத்தனை வருடம் என்று கேட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஊசி போட்டுகினு வாக்கா, மேசை எங்கியும் போவாது. அந்த டாக்டரு நம்பர மட்டும் குடு. அன்னிக்கி அந்தக் கூழ நானுந்தான் துன்னு பாத்தேன், எனக்கும் தித்திப்பாத்தான் இருந்துச்சு."