ஒன்பது பேர்

மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கைந்நூல் தயாரிக்கிறார்கள் என்று எழுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம் கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அந்தந்த ஊர் ஆசிரியர்களே தகவல் திரட்டி அனுப்பவேண்டும். மண்டூர்க்காரருக்குக் கோயில் இருக்கிறது, உன்னிச்சைக்காரருக்குக் குளம் இருக்கிறது. வாவிக்கரையில் குந்தியிருந்து மீனும் இறாலும் தின்றதைத் தவிர எங்கள் ஊர் சரித்திரத்துக்கு என்ன செய்தது? இரண்டு மாதத்துக்கு முன் சூறாவளி வந்து அந்தக் குறையையும் தீர்த்துவைத்திருந்தது.

எங்கள் ஊருக்கு நான்தான் எழுதினேன். செசீலியா ரீச்சர், நான்காம் வகுப்பு. வாவி ஊருக்குள் ஏறிய நேரம், சரிந்த வீடுகள், இறந்தோர் பத்துப் பேர். பத்தாவது ஆள் என் மகன். பிறந்து பதினொரு நாள். சுவர் விழுந்தபோது என் மடியில்தான் கிடந்தான். எனக்குக் கை மட்டும் முறிந்தது.

ரோனியோ இயந்திரத்தில் அடித்த கைந்நூல் ஆனியில் வந்தது. அதில் ஒன்பது பேர் என்று இருந்தது.

அடித்தவர்களின் பிழை என்றுதான் நினைத்தேன். பஸ் ஏறிக் கந்தோருக்குப் போனேன். கிளாக்கர் தங்கராசா நல்ல மனுசன், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கதிரை இழுத்துப் போட்டார்.

“ரீச்சர், கோவிக்காதீங்க. மரணப் பதிவோட ஒத்துப் பாத்துத்தான் அடிச்ச. உங்கட பிள்ளைக்குப் பிறப்பே பதியல்லயே. பிறப்புப் பதியாம இறப்ப எப்பிடி எழுதுற?”

“பதிய நாள் இருக்கு எண்டுதான் இருந்த. பதினொரு நாள்தானே ஐயா.”

“சரி, பேரைச் சொல்லுங்க. நான் ஒரு கடிதம் எழுதிப் பாக்கன்.”

பெயர் இல்லை. ஞானத்தகப்பனாக நிற்க என் கணவரின் தமையன் சிறில் திருகோணமலையிலிருந்து வரவேண்டும், வந்ததும் ஞானஸ்நானம், அதில் வைக்கிற பெயரோடேயே பதியலாம் என்று கணவர் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டினேன். அதுவரைக்கும் தம்பி, தம்பி என்றே கூப்பிட்டோம். பெற்றவளுக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது! தங்கராசா பேனாவை மூடி வைத்தார்.

பிறகு படிப்பித்தேன். வேறென்ன செய்வது, அரசாங்கச் சோறு. “ஒன்பது பேர்” என்று முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் சொல்ல, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

தவணைப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. பக்கத்து வீட்டு றோசம்மா மட்டும் பத்து என்று எழுதியிருந்தாள். விடைத்தாள்களைக் கந்தோரிலிருந்து பார்க்க வருவார்கள். பிழை போட்டேன்.

தாளை வாங்கியவள் மேசையடிக்கு வந்து நின்றாள்.

“ரீச்சர், இது சரிதானே? தம்பியையும் சேத்துத்தான் எண்ணின. நாந்தானே அவர ஏணையில போட்டு ஆட்டின.”

வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“புத்தகத்துல ஒன்பதுதானே புள்ள இருக்கு,” என்றேன். “திருத்தி எழுது.”

அவள் என் கண் முன்னாலேயே பத்தை வெட்டிவிட்டு ஒன்பது என்று எழுதினாள். நான் சரி போட்டேன்.