பூ போட்ட நோட்டீஸ்

சும்மா சொல்லக் கூடாது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் டீச்சர் அந்த நோட்டீஸை எழுதியிருந்தாள். "அன்புள்ள பெற்றோரே, இன்று கதை படிக்க நீங்கள் வரவில்லை. உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. உங்கள் குழந்தைக்காக வருடத்தில் பதினைந்து நிமிடம்கூடவா ஒதுக்க முடியவில்லை?" அடியில் கையொப்பத்துக்கு ஒரு கோடு. ரொம்பக் கடுகடுவென்று இருக்கிறதோ என்று ஓரத்தில் ஒரு பூ வரைந்தாள். ஐந்து இதழ், நடுவில் சிரிக்கிற முகம். எதில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் அந்தப் பூவைப் போடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

பின்னே எழுதாமல் என்ன செய்வாள்? மழலையர் பள்ளியில் நாலு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரைக் கட்டி மேய்க்கிறாள். அவர்களைப் பெற்றவர்களோ பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் மாயமாகிவிடுகிற ரகம். எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை. அவர்களை வகுப்புக்குள் இழுக்கத்தான் 'மடிக் கதை'யைக் கண்டுபிடித்தாள். புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு குழந்தையின் அம்மாவோ அப்பாவோ வரவேண்டும். குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்புக்கே ஒரு கதை படிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு வருடத்தில் ஒரே முறை. தேதியை மாற்றித் தரமாட்டோம். வராதவர்கள் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு மறுநாளே திருப்பி அனுப்ப வேண்டும், அது பள்ளிக் கோப்பில் இருக்கும். இத்தனை சட்டமும் அவள் போட்டதுதான்.

தலைமையாசிரியைக்கு இது பிடித்துப்போய், பள்ளியின் இன்னொரு கிளையிலும் தொடங்கச் சொன்னார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையாலேயே நோட்டீஸில் ஐம்பது நகல் எடுத்துக் கொடுத்தனுப்பினாள். அவளுடைய நாலு வயது மகள் படிப்பது அந்தக் கிளையில்தான். அம்மா வேலை பார்க்கிற இடத்தில் பிள்ளை படிக்கக் கூடாதாம், அது பள்ளியின் சட்டம். மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. பெயருக்கு ஒரு குறையும் வைக்காத பெண்.

வாலுவின் முறை இந்தப் புதன்கிழமை வந்தது. ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது. "எங்கம்மா டீச்சர்! எல்லா அம்மாவையும்விட எங்கம்மாதான் சூப்பரா படிப்பாங்க" என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்தாள். டீச்சரும் தன் வகுப்பை உதவியாளர் அக்காவிடம் அரை மணி ஒப்படைக்கப் பேசிவைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை என்றாள்.

டீச்சர் தலைமையாசிரியையின் அறைக்கு ஓடினாள். "மேடம், அரை மணி நேரம்தான். ஓடிப் போயி ஓடி வந்துடறேன்."

"பிள்ளைங்கள யாரும்மா பாத்துப்பா? பத்து மணிக்கு ஆய்வுக்கு வேற வர்றாங்க. அவங்க வர்றதே உன் மடிக் கதையப் பாக்கத்தான். நீயே இல்லைன்னா எப்படி?"

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் லாரி ஓட்டுகிறவன், போய் மூன்று நாளாகிறது. "வண்டிய நடுரோட்டுல விட்டுட்டா வர முடியும்? நீயே ஏதாச்சும் பண்ணும்மா" என்றான். அவன் குரலும் இறங்கித்தான் இருந்தது.

கடைசியாக வாலுவின் டீச்சரைக் கூப்பிட்டாள். "எனக்கு மட்டும் அடுத்த புதன் மாத்திக் குடுப்பியா?"

"அக்கா, ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்கன்னு நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க? நேத்துகூட ஒரு நர்ஸம்மா அழுதாங்க, முடியாதுன்னுட்டேன். இப்ப உங்களுக்கு மட்டும் எப்படிக்கா?"

நியாயமாகத்தான் கேட்டாள். டீச்சர் போனை வைத்தாள்.

அவளுடைய வகுப்பில் அன்று பொம்மி என்கிற பெண்ணின் முறை. பொம்மியின் அம்மா ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். பத்து பத்துக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், கேட் வரைக்கும் வந்துட்டேன். பாஸ் இல்லாம வெளிய விடமாட்டேங்கறாங்க. கோவிச்சுக்காதீங்க டீச்சர். பாப்பா பக்கத்துல இருக்காளா?" வேறு நாளாக இருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள். இன்று, "நான் பாத்துக்கறேங்க" என்று மட்டும் சொன்னாள்.

குட்டி நாற்காலியில் டீச்சரே உட்கார்ந்து பொம்மியை மடியில் வைத்துக்கொண்டாள். தொப்பியைத் தொலைத்த யானையின் கதை. பொம்மி கதையைக் கேட்கவே இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது. இந்நேரம் அங்கேயும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் யானை தொப்பியைத் தேடிக்கொண்டுதானே இருக்க வேண்டும்! படித்தாள்.

"பிரமாதமான திட்டம்" என்று ஆய்வுக்கு வந்தவர்கள் கைகொடுத்தார்கள். சாயங்காலம் பொம்மியின் பைக்குள் வைக்க எடுத்த நோட்டீஸை டீச்சர் மறுபடி மேசைக்குள்ளேயே போட்டுப் பூட்டினாள்.

வாலு அழுது முகம் வீங்கி நிற்பாள் என்று பயந்துகொண்டே மகளின் பள்ளி வாசலுக்குப் போனாள். நல்ல கதை! வாலு குதித்துக்கொண்டு ஓடிவந்தாள், கையில் ஒரு காகிதம் படபடத்தது.

"அம்மா! உன் லெட்டர் வந்துச்சு!"

டீச்சர் பார்த்தாள். அவள் எழுதிய அதே நோட்டீஸ்.

"நீ வரலன்னு மொதல்ல அழுதேன். அப்புறம் டீச்சர் இதக் குடுத்தாங்க. பாத்தா அம்மா பூ! எல்லார்கிட்டயும் காட்டினேன். அவங்க அம்மால்லாம் வந்து கதைதான் படிச்சாங்க. லெட்டர் எனக்கு மட்டுந்தான்!" பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து காகிதத்தை நீட்டினாள். "என்ன எழுதியிருக்க? படி."

ஊருக்கே கதை படிக்கிறவளுக்கு இந்த நாலு வரியைப் படிக்க நாக்கு எழவில்லை.

"அன்புள்ள வாலு" என்று தொடங்கினாள். மகளின் விரல் எழுத்துகளின்மேல் ஊர்ந்தது. "உன்ன எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"அவ்ளோதானா? இன்னும் இவ்ளோ இருக்கே!"

"ரொம்ப ரொம்பப் பிடிக்கும்னு எழுதியிருக்கேண்டி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விரல் கடைசிக் கோட்டில் வந்து நின்றது. "இங்க ஒண்ணுமே இல்லயே?"

"அங்க அம்மா கையெழுத்துப் போடணும். நாளைக்கு டீச்சர்கிட்ட குடுக்கணும்."

"அப்ப போடு. பூவும் போடு."

பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள், பூவும் போட்டாள். வாலு அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர் பாத்ததும் திருப்பி வாங்கிட்டு வந்துடுவேன். இது என்னோட லெட்டர், சரியாம்மா?"

திருப்பித் தரமாட்டார்கள். கோப்பில் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவளுக்கு அது தெரியாதா? "சரிடா கண்ணு" என்றாள்.