பரிமளா பெயர் போட்ட காலுறை

வீரபாகு காலைத் தூக்கி மேசைமேல் வைத்ததுமே டாக்டர் பரிமளாவுக்கு நாற்றம் எட்டிவிட்டது. முழங்கால்வரை இறுகப் பிடித்திருந்த காலுறையைக் கத்தரித்து எடுத்தாள். இரண்டு விரல்கள் கரியாகியிருந்தன. பாதத்தில் கைவைத்துப் பார்த்தாள். நாடியே இல்லை.

"எத்தனை நாளா போட்டுகினு இருக்கீங்க?"

"ஒன்றரை மாசம் ஆவுதுங்க. வலி உயிர் போவுது. கேட்டா, கழட்டாதீங்கன்னுட்டாங்க."

"யாரு?"

"முகாம்லதாங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து நீட்டினார். "நம்ம ஊரு டாக்டரம்மா சொல்லிகீறாங்கன்னுதான் போட்டுகினேன்."

நோட்டீசில் அவள் படம் சிரித்தது. கீழே, 'ஆரணி நெசவாளர் அறுநூறு பேரின் கால்களை ஆராய்ந்த டாக்டர் பரிமளா பரிந்துரைக்கும் காலுறை.' மூன்று மாதத்துக்கு முன் அவளுடைய பழைய உதவியாளன் ஜெயக்குமார் விழிப்புணர்வு நோட்டீசுக்கு என்று படம் கேட்டபோது, என்ன அச்சடிக்கப் போகிறான் என்றுகூடக் கேட்காமல் அனுப்பிவைத்திருந்தாள்.

வேலூரில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் அவள். ஞாயிறுதோறும் ஆரணிக்கு வந்து நோயாளிகளைப் பார்ப்பாள். நாளெல்லாம் நின்று விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு நரம்பு சுருண்டு வீங்கும், இறுக்கமான காலுறை அதற்கு நல்லது என்று ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியவள் அவள்தான். ஆனால் அடுத்த வரியிலேயே, பாதத்து நாடியைப் பார்க்காமல் யாருக்கும் மாட்டக் கூடாது, ரத்தக்குழாய் அடைத்திருந்தால் கால் செத்துப்போகும் என்றும் எழுதியிருந்தாள். அந்த வரி நோட்டீசில் இல்லை.

வீரபாகுவை ஆம்புலன்சில் வேலூருக்கு ஏற்றி, அறுவை அரங்கைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, அன்றும் காலுறை முகாம் நடந்துகொண்டிருந்த கல்யாண மண்டபத்துக்குள் செருப்போடு நுழைந்தாள். ஆராய்ச்சியில் உதவியாளனாக இருந்த ஜெயக்குமார் இப்போது காலுறைக் கம்பெனி டாக்டர்.

"நாடி பாத்தியா?"

"மேடம், இருநூறு பேர் வராங்க. ஒவ்வொருத்தருக்கும் பாத்துகினு இருந்தா..."

"அந்த அறுநூறு பேருக்கும் பாத்தவன் நீதானேடா! நான் சொல்லச் சொல்ல அந்த வரியை எழுதினதே நீதானே!"

"நோட்டீஸ் கம்பெனிக்காரங்க அடிச்சது மேடம்."

"அழுகிப்போன விரலு கம்பெனிக்காரனுதா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பரிமளா மைக்கைப் பிடுங்கினாள். "காலுறை போட்டவங்க எல்லாரும் கழட்டுங்க. இப்பவே!" பிறகு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாதமாக நாடி பிடித்துப் பார்த்தாள். ஜெயக்குமார் பக்கத்தில் குந்தி ஒரு பெரியவரின் காலை எடுக்கப்போனான்.

"தொடாதே."

நாலு பேருக்கு நாடி இல்லை. அவர்களையும் தன் காரிலேயே அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போனாள்.

அன்று மாலை வீரபாகுவின் தொடையிலிருந்த அடைப்பை நீக்கினாள். பாதம் தப்பித்தது. இரண்டு விரல்கள் போயின.

ஜெயக்குமார்மீது மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதிய புகாரில், படம் கொடுத்தது தான்தான், எதற்கென்று கேட்கவில்லை என்பதையும் எழுதினாள். "அத எதுக்கு எழுதுறீங்க, உங்களுக்கே பேஜாராயிடும்" என்றாள் நர்ஸ் சூர்யகலா. பரிமளா அந்த வரியை அடிக்கவில்லை.

பத்தாம் நாள் கட்டுப் பிரிக்கும்போது வீரபாகு சொன்னார், "கால காப்பாத்திட்டீங்க. ஆனா உங்க மேல கோவமே இல்லன்னா அது பொய்ங்க."

"இருக்கட்டும்," என்றாள் பரிமளா. "எனக்கும்தான்."